வானமும் வேண்டும், நிழலும் வேண்டும்: அடுத்தடுத்து மூன்று படம் எடுத்து ஒன்றாக்குவது எப்படி

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தைப் பின்னேரத்தில் எடுத்த படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்றில் வானம் செக்கச் செவேலென்று இருக்கும், பாலம் கறுத்துப் போயிருக்கும். மற்றதில் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும், வானம் வெளுத்து ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். கண்ணுக்கு இரண்டும் தெரிந்ததே, கமராவில் மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்து, கடைசியில் விலை கூடிய கமரா வாங்கினால்தான் சரிவரும் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. இப்போது கையில் இருக்கும் கமராவிலேயே, வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படத்தை மளமளவென்று அடுத்தடுத்து எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒன்றாக்கினால் வானமும் கிடைக்கும், பாலமும் கிடைக்கும். ஒன்றாக்குகிற வேலை சின்னது. எடுக்கும் இடத்தில் செய்ய வேண்டியதுதான் பெரிது, அதனால் அதைப் பற்றியே கூட எழுதுகிறேன்.

ஒரே படத்தில் ஏன் அடங்குவதில்லை

ஒளியின் அளவை ஸ்டொப் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டொப் கூடினால் ஒளி இரண்டு மடங்கு. அப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 10 ஸ்டொப் என்பது 1,024 மடங்கு, 14 ஸ்டொப் என்பது 16,384 மடங்கு. இன்றைய நல்ல கமரா ஒன்று ஐ.எஸ்.ஓ (ஒளியை உணரும் அளவு) 100இல், சென்சர் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில், ஏறத்தாழ 12 முதல் 14 ஸ்டொப் வரை பிடிக்கும். போனின் சென்சர் சின்னது, அதனால் தனிப்படம் ஒன்றில் அதைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். ஜேபெக்காக எடுத்தால் கமராவே அதை 8 பிட்டுக்குச் சுருக்கி, வெளிச்சமான இடத்திலும் நிழலிலும் இருந்த நுணுக்கத்தில் ஒரு பங்கை வீசிவிடும். வாவிக்கு மேலே சூரியன் இறங்குகிறது, உங்களுக்கு முன்னால் மர நிழலில் ஒரு தோணி கிடக்கிறது என்று வையுங்கள். அந்தக் காட்சி இந்த அளவையெல்லாம் இலகுவாகத் தாண்டிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளிச்சம் கூடி வெளுத்துப்போன இடத்தில் தகவலே இருக்காது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நிழலில் தகவல் இருக்கும், ஆனால் அதைத் தூக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக நொய்ஸ் கிளம்பும். ஆகவே மூன்று படத்தில் எது முக்கியம் என்று கேட்டால், பார்க்க எதற்கும் உதவாது போலத் தெரியும் அந்த இருண்ட படம்தான். மேகத்தின் விளிம்பும் நீரில் விழும் ஒளிக்கோடும் அதில்தான் இருக்கும். படம் சரியில்லை என்று அந்த இடத்திலேயே அதை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அழிக்காதீர்கள்.

இரண்டு ஸ்டொப் குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டொப் கூட்டி ஒன்று என்று எடுத்தால் மேல் பக்கம் இரண்டு, கீழ்ப் பக்கம் இரண்டு என்று நான்கு ஸ்டொப் கூடுதலாகக் கிடைக்கும். 12 ஸ்டொப் கமரா 16 ஸ்டொப் கமராவுக்குச் சமமாக வேலை செய்யும். யோசனையும் புதியதல்ல. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். அன்று கண்ணாடித் தகட்டில் செய்ததை நாம் இன்று ஒரு நொடிக்குள் எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்போது தேவை, எப்போது தேவையில்லை

எல்லாவற்றுக்கும் மூன்று படம் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். பாலமீன்மடுப் பக்கம் உள்ள 1913ஆம் ஆண்டு வெளிச்சவீட்டைக் காலை வெயிலில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் ஒரே படம் தாராளமாகப் போதும், ஒளி எல்லா இடமும் சமமாக விழுந்திருக்கும். மாரி காலத்தில் வானம் மூடிக் கிடக்கும்போதும் அப்படித்தான், ரோவில் ஒரு ஸ்டொப் குறைத்து எடுத்தால் வேலை முடிந்தது.

சூரியனை நேராகப் பார்த்து எடுக்கும்போதும், இருட்டுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும்போதும்தான் இது தேவைப்படும். நமது பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் இறங்குவதால் விடியலுக்குக் கல்லடியிலோ பாசிக்குடாவிலோ கடற்கரையில் நிற்கலாம், பின்னேரத்துக்கு அதே கல்லடியின் வாவிக் கரையில் நின்று நகரத்தைப் பார்த்து எடுக்கலாம். அம்பாறைப் பக்கம் என்றால் இங்கினியாகலை அணைக்கட்டில் நின்று சேனநாயக்க சமுத்திரத்துக்கு மேலே சூரியன் இறங்குவதை எடுக்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டையின் வாசலுக்குள் நின்று வெளியே பார்த்து எடுப்பது இரண்டாவது வகை. கோயில் மண்டபத்துக்குள் இருந்து வெளிவீதியைப் பார்த்து எடுப்பதும் அதே வகைதான், ஆனால் அங்கே கமராவைத் தூக்குமுன் கோயில்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கமராவில் என்ன மாற்ற வேண்டும்

கோப்பு வகையை ரோவுக்கு மாற்றுங்கள். ரோவும் ஜேபெக்கும் சேர்த்து வைத்திருந்தால் ஜேபெக்கை நிறுத்துங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மூன்று படம் விழப்போகிறது, இரண்டு வகையையும் எழுதப் போனால் கமரா நடுவில் நின்று நின்று எடுக்கும், அந்த இடைவெளியில் மேகமும் தோணியும் நகர்ந்துவிடும்.

பிறகு அபெச்சர் (லென்ஸின் ஒளித் துளை) முன்னுரிமை மோடுக்குப் போய் எஃப்/8 வையுங்கள். ஐ.எஸ்.ஓ 100. ஓட்டோ ஐ.எஸ்.ஓ கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் இருண்ட படம் கேட்க, கமரா ஷட்டரைக் குறைப்பதற்குப் பதிலாக ஐ.எஸ்.ஓவோடு விளையாடிவிடும். மூன்று படத்துக்கும் இடையில் மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டும்தான். அபெச்சர் மாறினால் தெளிவாக விழும் ஆழம் மாறும், படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஃபோகஸை ஒரு தடவை பிடித்துவிட்டு லென்ஸில் உள்ள சுவிட்சை எம்.எஃப் பக்கம் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடும். வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) வெயில் என்று நிலையாக வைப்பது நல்லது.

அடுத்தது பிரக்கெட்டிங், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுக்கும் வசதி. கெனன் 1500டி போன்ற ஆரம்ப நிலைக் கமராவிலும் இது உண்டு, மெனுவில் ஏ.இ.பி என்று இருக்கும், டயலைத் திருப்பினால் கோட்டில் மூன்று புள்ளி விரியும், இரண்டு பக்கமும் 2 வரை விரியுங்கள். நிக்கொனில் பி.கே.டி என்று தேடுங்கள். நிக்கொன் டி3500 உட்பட அந்த டி3000 வரிசையில் இந்த வசதி கிடையாது. அந்தக் கமரா வைத்திருப்பவர்கள் ட்ரைபொட்டில் பூட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன் பட்டனைப் பிடித்துக்கொண்டு கையால் -2, 0, +2 என்று மாற்றி எடுக்கலாம், அசையாத காட்சிக்கு அதுவும் நன்றாகவே வரும்.

கடைசியாக டிரைவ் மோடைத் தொடர் படப்பிடிப்புக்கு மாற்றுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒற்றைப் பட மோடில் இருந்தால் மூன்று தடவை அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழுத்தலிலும் கமரா கொஞ்சம் அசையும், இடையில் காட்சியும் மாறும். தொடர் மோடில் பட்டனை அழுத்திப் பிடித்தால் டக் டக் டக் என்று மூன்றும் விழுந்து தானாக நின்றுவிடும். நொடிக்கு ஐந்து படம் எடுக்கும் கமராவில் முழு வேலையும் ஒரு நொடிக்குள் முடியும். கெனனில் இரண்டு நொடி டைமரை வைத்தால் கை படாமலே மூன்றும் அடுத்தடுத்து விழும், ட்ரைபொட்டில் எடுக்கும்போது எனக்கு அதுதான் பிடிக்கும்.

அந்த இடத்தில் நின்று

கல்லடி வாவிக் கரையில், சூரியன் இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது நடுப்படத்தின் ஷட்டர் 1/250 நொடி என்று வருகிறது என்று வையுங்கள். அப்படியென்றால் இருண்டது 1/1000, வெளிச்சமானது 1/60. எடுத்தவுடன் முதலில் இருண்ட படத்தைத் திரையில் திறந்து ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால், அல்லது மேகம் கறுப்பாக மின்னி மின்னி எச்சரித்தால், இன்னும் குறைக்க வேண்டும், முழுத் தொகுதியையும் ஒரு ஸ்டொப் கீழே இறக்கி மறுபடி எடுங்கள். சூரிய வட்டம் மின்னினால் விட்டுவிடுங்கள், அது வெளுக்கத்தான் செய்யும், அதற்குள் பார்க்க ஒன்றும் இல்லை. அதைச் சுற்றியுள்ள மஞ்சளும் சிவப்பும் இருக்கிறதா என்பதே கேள்வி.

பிறகு வெளிச்சமான படத்தைத் திறந்து நிழலைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோணியின் உட்பக்கம், பாலத்தின் அடிப்பக்கம், கரையோரத்துக் கண்ணா மரங்களின் வேர்ப் பகுதி எல்லாம் தெரிய வேண்டும். வானம் முழுக்க வெளுத்திருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிழல் இன்னும் கறுப்பாகவே இருந்தால் 1/15இல் நாலாவது ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு இடையில் இரண்டு ஸ்டொப் இடைவெளிதான் எனக்குச் சரியாகத் தெரிகிறது. ஒரு ஸ்டொப்பாக எடுத்தால் கார்ட் நிரம்புமே தவிர ரோ கோப்பில் பெரிய லாபம் இல்லை, மூன்றுக்கு மேல் போனால் இணையும் இடத்தில் நொய்ஸ் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இங்கே அந்தி நீளாது. சூரியன் மறைந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், அதற்குள் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஆகவே செட்டிங் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவிட்டுக் காத்திருங்கள். சூரியன் மறைந்த பிறகு வானத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும், அப்போது ஒன்றரை ஸ்டொப் விரிப்பே போதும்.

லென்ஸைத் துடையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றால் கண்ணாடியில் உப்புப் படலம் ஒன்று மெல்லிதாகப் படியும், சாதாரணப் படத்தில் அது தெரியாது, சூரியனை நேரே பார்த்து எடுக்கும்போது அந்தப் படலம் ஒளியைச் சிதறடித்து நிழல் முழுக்கச் சாம்பல் நிறமாக்கிவிடும். மூன்று படம் எடுத்துக் கூட்டிய ஸ்டொப்பை அந்த உப்பு திருப்பி வாங்கிக்கொள்ளும். முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்கிவிட்டு, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும். முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூ.வி ஃபில்டரையும் அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுங்கள், சூரியனின் பிம்பம் அதில் பட்டுத் தெறித்து படத்தின் வேறொரு மூலையில் வந்து விழும்.

ட்ரைபொட் இருந்தால் மணலில் காலை நன்றாக அமுக்கி நிறுத்துங்கள், ஈர மணலில் நிறுத்தினால் அலை வந்து போகும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். லென்ஸின் ஸ்டெபிலைசரை நிறுத்துங்கள். ட்ரைபொட் இல்லையா, பரவாயில்லை, கையிலேயே எடுக்கலாம், ஆனால் மூன்றில் மிக மெதுவானது கையில் நிற்குமா என்று பாருங்கள். 18 எம்.எம்மில் 1/60 நிற்கும், 1/30உம் பெரும்பாலும் நிற்கும். அதற்குக் கீழே போனால் ஐ.எஸ்.ஓவை 200 அல்லது 400 ஆக்குங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதி விட்டு, மூன்றும் விழுந்து முடியும்வரை அசையாமல் நில்லுங்கள்.

அசைகிறவற்றை என்ன செய்வது

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்னோலை ஒரு இடத்தில் நிற்காது. மூன்று படத்திலும் ஓலை மூன்று இடத்தில் இருக்கும், ஒன்றாக்கினால் ஒன்றின்மேல் ஒன்று ஆவி மாதிரி விழும். மென்பொருளில் டீகோஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அசைந்த இடத்தில் ஒரே ஒரு படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும், ஓலைக்கு அது போதும். வாவியின் சிறு அலையும் பெரிய பிரச்சினை தராது. கரையில் நுரையோடு உடையும் கடல் அலை, ஓடும் பிள்ளைகள், கரைவலை இழுக்கும் ஆட்கள் என்றால் இந்த முறையை நம்ப வேண்டாம்.

அதற்கு வேறொரு வழி இருக்கிறது, போன்கள் உள்ளே செய்வதும் ஏறக்குறைய அதுதான். கூகுள்காரர் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கியபடி, அவர்களின் அன்றைய எச்.டி.ஆர் பிளஸ் முறை வெவ்வேறு எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) எடுக்கவில்லை. வானம் வெளுக்காத அளவுக்கு வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே எக்ஸ்போஷரில் பல படங்களைச் சடசடவென்று எடுத்து, அவற்றைப் பொருத்திச் சராசரி எடுத்தது. நொய்ஸ் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுவதால் சராசரியில் அடங்கிவிடும், காட்சி மட்டும் மிஞ்சும். நான்கு படம் என்றால் நொய்ஸ் பாதியாகும், 16 படம் என்றால் கால்வாசியாகும். நொய்ஸ் அடங்கிய நிழலைத் துணிந்து தூக்கலாம்.

இதை நீங்களும் செய்யலாம். மனுவல் மோடில் வானத்துக்குச் சரியான எக்ஸ்போஷரை வைத்து, பிரக்கெட்டிங்கை நிறுத்தி, தொடர் மோடில் எட்டுப் படம் எடுங்கள். வீட்டில் ரோவிலிருந்து 16 பிட் டிஃப் கோப்புகளாக மாற்றி, இலவசமான கிம்ப் மென்பொருளில், துல்லியத்தை 16 பிட் அல்லது அதற்கு மேல் வைத்து, லேயர்களாக அடுக்குங்கள். அடியில் உள்ளதன் ஒபாசிட்டி 100, இரண்டாவது 50, மூன்றாவது 33, நான்காவது 25 என்று 100ஐ லேயர் எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் சரியான சராசரி கிடைக்கும். ஃபோட்டோஷொப் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெக் மோடில் மீன் என்று தெரிவு செய்தால் ஒரே அழுத்தல். சராசரியில் ஆட்கள் மங்கிப்போவார்கள்தான், அந்த இடத்தில் மட்டும் ஒரு தனிப்படத்தை மாஸ்க் போட்டு மேலே வையுங்கள். எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் எடுத்ததால் ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, பிரக்கெட்டிங்கில் இந்த வசதி கிடையாது.

போனில் எடுப்பவர்கள் வானத்தைத் தொட்டு, சூரியன் அடையாளத்தைக் கீழே இழுத்து எடுத்தாலே பாதி வேலை முடிந்தது, மிச்சத்தைப் போன் பார்த்துக்கொள்ளும்.

அறைகளுக்கு உள்ளே

அறுகம்பைப் பக்கமோ பாசிக்குடாவிலோ தங்குமிடங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்து உழைக்கும் பிள்ளைகளுக்கு இது மிகவும் உதவும். கட்டில் தெரிய வேண்டும், யன்னலுக்கு வெளியே கடலும் தெரிய வேண்டும் என்றுதான் முதலாளி கேட்பார். அறைக்குள் 1/4 நொடி, யன்னலுக்கு 1/500 என்று ஏழு ஸ்டொப் வித்தியாசம் வருவது சாதாரணம். ட்ரைபொட் இல்லாமல் முடியாது. இரண்டு ஸ்டொப் இடைவெளியில் ஐந்து படம் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள், மஞ்சள் மின்குமிழ்களை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அறை ஒரு நிறமும் யன்னல் ஒரு நிறமுமாக நின்று, பிறகு திருத்தப் பெரிய பாடு.

ஒன்றாக்குவது

லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் தெரிவு செய்து ஃபோட்டோ மேர்ஜில் எச்.டி.ஆர் கொடுங்கள். ஓட்டோ அலைனுக்குச் சரி போடுங்கள், ஓட்டோ செட்டிங்ஸை எடுத்துவிடுங்கள், டீகோஸ்ட் காற்று இல்லாவிட்டால் வேண்டாம், இருந்தால் குறைந்த அளவு. டி.என்.ஜி கோப்பு ஒன்று வரும், ரோவைப் போலவே அதைத் திருத்தலாம். காசு கொடுக்காமல் செய்ய எச்.டி.ஆர் மேர்ஜ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதுவும் ரோக்களைச் சேர்த்து டி.என்.ஜி தரும், அதை டார்க்டேபிளிலோ ரோதெரபியிலோ திறக்கலாம். ட்ரைபொட்டில் எடுத்ததற்கு அது நன்றாக வேலை செய்யும். ஜேபெக்கில் எடுத்தவர்களுக்கு ஹியூகின் மென்பொருளோடு வரும் என்ஃபியூஸ் நல்லது, ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதியை மட்டும் எடுத்துக் கலக்கும், பார்வைக்கு இயல்பாகவும் இருக்கும்.

டி.என்.ஜி கிடைத்தவுடன் ஹைலைட்டைக் கீழே இறக்குங்கள், ஷேடோவை ஓரளவு தூக்குங்கள், பிளாக்கை மட்டும் தொடாதீர்கள், அல்லது சற்றுக் கீழே இறக்குங்கள். எல்லா நிழலையும் தூக்கித் தட்டையாக்கிய படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நமது ஊர் வெயில் கடும் வெயில், அதில் நிழல் கறுப்பாகத்தான் விழும், அந்தக் கறுப்பைத் துடைத்துவிட்டால் அது மட்டக்களப்பு வெயிலாகவே தெரியாது. தோணிக்குள் சுருட்டி வைத்த வலை தெரிகிறதா, அது போதும், வலையின் ஒவ்வொரு கண்ணும் பளிச்சிட வேண்டியதில்லை. கிளாரிட்டியை இழுத்துக்கொண்டே போனால் தென்னைகளின் தலையைச் சுற்றி வெள்ளை வளையம் எழும்பும். அதைக் கண்டவுடன் பாதிக்குக் குறைத்துவிடுங்கள்.

மூல ரோக்கள் மூன்றையும் டி.என்.ஜியோடு ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள், பின்னர் வேறு மென்பொருளில் மறுபடி சேர்க்க வேண்டி வரலாம். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் பிரக்கெட்டிங்கை நிறுத்திவிடுங்கள், கெனனில் ஓஃப் செய்தால் அதுவாகவே போய்விடும், வேறு பல கமராக்களில் அப்படியே இருக்கும், அடுத்த நாள் பிறந்தநாள் வீட்டில் மூன்றில் ஒரு படம் இருட்டாக விழும்.